அப்பாவின் தோப்பரையும் பீரோவில் கெட்டுப்போன தோல், கம்பளிப் பொருள்களும்: மீட்க வழி உண்டா?

கேள்வி (திருநகர், மதுரை)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அப்பா காலமாகி இரண்டு ஆண்டுகள் நிறைவடைந்துவிட்டன. அவர் புழங்கிய பொருள்களை அம்மா ஓர் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பார்த்தால் மனம் கலங்கும் என்பதால் இடையில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, சென்ற வாரம், நானும் தம்பியும் அதைத் திறந்தோம். ஈரச் சாக்கின் வாடையும் அந்துருண்டை வாடையும் கலந்து முகத்தில் அடித்தன.

முதலில் எடுத்தது அப்பாவின் தோப்பரை. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சித்திரைத் திருவிழாவில் விரதமிருந்து, கள்ளழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் நேர்த்திக்கடனைச் செலுத்தி வந்தார். ஆட்டுத் தோலில் செய்து, வாயில் பித்தளைக் குழாய் வைத்துக் கட்டிய பை அது. இப்போது காய்ந்த பனம்பாளையைப் போல விறைத்துக் கிடக்கிறது. மடிப்புகளில் வெள்ளை படிந்திருக்கிறது. குழாயைக் கட்டியுள்ள இடத்தில் பச்சை நிறத்தில் ஏதோ பிசுபிசுப்பாகக் கசிந்திருக்கிறது. தம்பியின் மகனுக்குப் பதினான்கு வயது. வரும் சித்திரையில் தாத்தாவின் தோப்பரையையே ஏந்தி விரதமிருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்படுகிறான். எனவே எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

மற்றவை: அப்பா அலுவலகத்துக்கு அணிந்த கருப்பு ஷூவும் பெல்ட்டும் மாவு தூவியதைப் போல வெளுத்திருக்கின்றன. பணி ஓய்வு பெற்றபோது அலுவலகத்தார் அளித்த கைப்பை, லெதர் என்று சொல்லிக் கொடுக்கப்பட்டது, தொட்டாலே கருப்புச் செதில்களாகக் கையில் ஒட்டுகிறது. கொடைக்கானலில் வாங்கிய கம்பளிச் சால்வையில் மிளகு அளவில் ஏழெட்டு ஓட்டைகள். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்வேட் ஷூ ஒருமுறைகூட அணியப்படவில்லை. ஆனால் அதன் முனையில் ஓர் எண்ணெய்க் கறை. இவை அனைத்தையும் அம்மா தனித்தனியே பிளாஸ்டிக் பைகளில் சுற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு அந்துருண்டைகளைப் போட்டு, அக்கறையோடுதான் வைத்திருந்தார்.

பக்கத்து வீட்டில், தேங்காய் எண்ணெய் தடவி உச்சி வெயிலில் காய வைக்கச் சொல்கிறார்கள். செருப்புக் கடையில் எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். இரண்டில் எதையும் செய்யாமல் காத்திருக்கிறேன். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


மறுமொழி 1 (மேலூர்)

சகோதரி, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாடு வளர்க்கிறோம். காளைகளின் கழுத்துப் பட்டைகளுக்கு ஆண்டில் இரண்டு முறை தேங்காய் எண்ணெய்தான் தடவுகிறோம். இதுவரை எந்தப் பட்டையும் பூஞ்சை பிடித்ததில்லை, வெடித்ததும் இல்லை. உங்கள் தோப்பரையும் ஆட்டுத் தோல்தானே? எண்ணெயைத் தாராளமாகத் தடவி, ஒருநாள் ஊறவிட்டு, கையால் பிசைந்து பாருங்கள். பெரியவர் கையாண்ட பொருள். தூக்கிப் போட வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.


மறுமொழி 2 (பேகம்பூர், திண்டுக்கல்)

அம்மா, வணக்கம். நான் திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். சுண்ணாம்புத் தொட்டியில் தொடங்கி, பட்டைத் தொட்டி, எண்ணெய் போடுதல் வரை எல்லாப் பிரிவுகளிலும் நின்றிருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் எதுவும் செய்யாமல் காத்திருந்ததே பெரிய உதவி. எண்ணெயும் வெயிலும் சேர்ந்திருந்தால் அந்தத் தோப்பரையைப் பற்றிப் பேச ஒன்றும் இருந்திருக்காது.

மேலூர் ஐயா சொல்வது பொய்யில்லை. காளையின் கழுத்துப் பட்டை தடித்த தோல். நாள்தோறும் காற்றிலும் வெளிச்சத்திலும் அசைந்துகொண்டே இருப்பது. நான்கைந்து ஆண்டுகளில் புதிதாக மாற்றப்படுவது. அங்கே தேங்காய் எண்ணெய் கெடுதலைக் காட்ட நேரமே இருக்காது. ஆனால் மெல்லிய ஆட்டுத் தோலில் தாராளமாகத் தடவி உள்ளே வைத்தால், மார்கழிக் குளிரில் அது உறைந்து வெள்ளைத் திட்டாக வெளியே வரும், நாளாக ஆகச் சிக்கு வாடை எடுக்கும், அழுக்கையும் பிடித்துவைத்துக்கொள்ளும். நீங்கள் பார்க்கும் வெள்ளைகூடப் பூஞ்சையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தோலுக்குள் இருக்கும் கொழுப்பு மேலே வந்து படிவதும் உண்டு. தலைமுடி உலர்த்தும் கருவியின் இளஞ்சூட்டை ஓர் அடி தொலைவிலிருந்து காட்டிப் பாருங்கள். வெள்ளை உருகி மறைந்தால் அது கொழுப்பு. மறையாமல், தூரிகை பட்டவுடன் தூளாகப் பறந்து, மட்கிய வாடை வீசினால் பூஞ்சை.

பூஞ்சையாக இருந்தால் வீட்டுக்குள் துடைக்காதீர்கள். மொட்டை மாடியில் நிழலான இடத்தில், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஷூ, பெல்ட் இரண்டையும், மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவில் கலந்த கலவையில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்த பிறகு துடைக்கலாம். முதலில் பெல்ட்டின் உட்புறத்தில் ஓர் ஓரமாகச் சோதித்து, சாயம் இறங்கவில்லை என்று கண்ட பிறகே முழுவதும் துடையுங்கள். அலுவலக ஷூக்கள் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்ட தோல். அவை எளிதில் கெடுவதில்லை. நான்கு நாள் காற்றில் உலரவிட்டு, மெழுகுப் பாலிஷைத் துளி அளவு எடுத்துத் தேய்த்தால் போதும்.

தோப்பரை வேறு இனம். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குகளில் ஊறிப் பதமாகும் தோல் அது. இந்தத் தோலுக்கு இரண்டு பகை உண்டு. ஒன்று சூடு: பச்சைத் தோலையும் பட்டைத் தோலையும் சுடுநீரில் இட்டால் நார் சுருண்டு கட்டியாகிவிடும், பிறகு எந்த வைத்தியமும் ஏறாது, பழைய தோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே சுருங்கும். மற்றொன்று இரும்பு: பட்டையின் துவர்ப்பு ஈரத்தில் இரும்போடு சேர்ந்தால் மை போலக் கருத்துவிடும். எனவே இரும்பு வாளியில் நனைக்காதீர்கள். துருப்பிடித்த பீரோத் தட்டில் ஈரத்தோடு வைக்காதீர்கள்.

இப்போது, தோல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணில் படாத ஓர் ஓரத்தை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். நார் நாராக வந்தால் நல்ல தோல். செங்கல் பொடி போலச் சிவப்பாக உதிர்ந்தால் நார் மட்கிவிட்டது என்று பொருள். அதைப் பூசை அறையில் வைத்துக் கும்பிடலாமே தவிர, தண்ணீர் நிரப்பக் கூடாது.

நார் நன்றாக இருந்தால், நேராகத் தண்ணீரில் முக்க வேண்டாம். பருத்தி வேட்டி ஒன்றை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, தோப்பரையை அதில் சுற்றி இரவு முழுவதும் வையுங்கள். காலையில் பிரித்து, விறைப்பு தளர்ந்த பகுதியை மட்டும் இரண்டு கைகளாலும் மெல்ல அசைத்துக் கொடுங்கள். தளராத மடிப்பை வலிந்து விரிக்காதீர்கள், அங்கேதான் வெடிக்கும். மூன்று நான்கு இரவுகள் இப்படிச் செய்தாலும் தவறில்லை, ஆனால் பகலில் நிழற்காற்றில் திறந்து வைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை திரும்பிவிடும். முழுவதும் தளர்ந்து, தொட்டால் குளிர்ச்சி தெரியும் அளவுக்கு மட்டும் ஈரம் மிஞ்சியிருக்கும் பக்குவத்தில், விளக்கெண்ணெயை உள்ளங்கையில் ஒரு தேக்கரண்டி அளவுக்கு எடுத்துச் சூடு பறக்கத் தேய்த்து, தோல் முழுவதும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். எலும்பாகக் காய்ந்த தோலில் எண்ணெய் திட்டுத் திட்டாக நிற்கும். சற்று ஈரமான தோலில், ஈரம் வெளியேற வெளியேற எண்ணெய் சீராக உள்ளே இறங்கும். எங்கள் ஷாப்பில் எண்ணெய் போடுவதும் இந்த ஈரப் பக்குவத்தில்தான். அடையாற்றில் 1948-இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒரு குறுகிய காலப் பயிற்சிக்காக எங்களை அனுப்பியிருந்தார்கள். பெரியவர்கள் கைப்பழக்கத்தால் செய்துவந்ததற்கு அங்கேதான் காரணம் தெரிந்துகொண்டேன்.

ஸ்வேட் ஷூவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது தோலின் உட்புறத்தைத் தேய்த்து மயிர்ப்பாங்காக ஆக்கியது. பாலிஷ், எண்ணெய் எதுவும் படக் கூடாது. கறையின் மேல் வாசனை குறைந்த டால்கம் பவுடரையோ சோள மாவையோ கனமாகத் தூவி ஒரு நாள் வைத்துத் தட்டுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய நேரலாம். மிச்சத்தை வெள்ளை அழிப்பானால் தேய்த்து, பழைய பல் துலக்கியால் ஒரே திசையில் வாருங்கள். பழைய கறையாக இருந்தால் நிழல் போலக் கொஞ்சம் தங்கத்தான் செய்யும்.


மறுமொழி 3 (செல்லூர், மதுரை)

நான் வண்டி இருக்கைகளுக்கும் சோபாக்களுக்கும் உறை தைப்பவன். தோலைப் பற்றித் திண்டுக்கல் ஐயா சொன்னதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்தக் கைப்பையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மாதத்துக்கு நான்கு பேராவது இதே குறையோடு என்னிடம் வருகிறார்கள்.

செதில் செதிலாக உரிகிறது என்றாலே அது தோல் இல்லை. உரிந்த இடத்தைப் பாருங்கள், அடியில் பின்னல் துணி தெரியும். அந்தத் துணியின் மேல் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக்கை மெல்லிய தாளாக ஒட்டி, தோலின் வரிகளை அச்சிட்டிருப்பார்கள். கடைகளில் பியூ லெதர் என்பார்கள். காற்றில் உள்ள ஈரமும் வெப்பமும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கின் கண்ணிகளையே அறுத்துவிடுகின்றன. உழைத்துத் தேய்ந்ததால் உரிவதில்லை. புத்தம் புதிதாகப் பையில் சுற்றி வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உரியும். நம் ஊர்ச் சித்திரை வெயிலையும் ஐப்பசி ஈரத்தையும் ஒரே பீரோவுக்குள் அது அனுபவித்திருக்கிறது. அம்மா எதையும் தவறாகச் செய்யவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். பாலிஷ், எண்ணெய், ஒட்டுப்பசை எதுவும் இதை நிறுத்தாது. அப்பாவின் நினைவாக வேண்டும் என்றால், உள்துணியையும் ஜிப்பையும் பிடியையும் பிரித்தெடுத்து, அதே அளவில் வேறு தோலில் தைத்துக் கொடுக்க எந்தப் பை தைப்பவராலும் முடியும். அதுவரை மற்றப் பொருள்களோடு சேர்த்து வைக்காதீர்கள். உதிரும் செதில் வெப்பத்தில் பிற பொருள்களில் ஒட்டிக்கொள்ளும்.

பழைய ரெக்சின் இதிலிருந்து வேறுபட்டது. ரெக்சின் என்பது இங்கிலாந்தில் துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்த ஒரு சரக்கின் வணிகப் பெயர். நம் ஊரில் அதுவே பொதுப் பெயராகிவிட்டது. இன்று நாங்கள் இருக்கைக்குப் போடும் ரெக்சின், பிவிசி என்னும் வேறொரு பிளாஸ்டிக். அது உரிவதைவிட, தன்னை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ச் சரக்கை மெல்ல மெல்ல இழந்து, விறைத்துப் பிளக்கும். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைப்பவர்கள் அந்த முடிவைத் தாங்களே விரைவாக வரவழைக்கிறார்கள். சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியே போதும்.

இன்னொன்று. செருப்பு, ஷூ வாங்கும்போது உட்புறத்தில் உள்ள குறியைப் பாருங்கள். விரித்த ஆட்டுத் தோலின் வடிவம் அச்சிட்டிருந்தால் தோல். சாய்சதுரம் மட்டும் இருந்தால் வேறு பொருள். அளித்தவர்களுக்கே பல நேரங்களில் தாங்கள் வாங்கியது எதுவென்று தெரிந்திருக்காது.


மறுமொழி 4 (கே.கே. நகர், மதுரை)

கொடைக்கானலில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றிவிட்டு மதுரைக்குத் திரும்பியவள் நான். அங்கே கம்பளியைத் தினமும் உடுத்தினோம். கீழே வந்த பிறகுதான், உடுத்தாத கம்பளியைக் காப்பது எவ்வளவு கடினம் என்று புரிந்தது. முதல் ஆண்டிலேயே என் மாமியார் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

மிளகு அளவு ஓட்டை என்றால் அந்துப்பூச்சியின் புழு அரித்தது. பறக்கும் பூச்சி எதையும் தின்பதில்லை. அது இடும் முட்டையிலிருந்து வரும் புழுவே கம்பளியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்கிறது. வியர்வையோ உணவுத் துளியோ பட்ட இடத்தை அது விரும்பித் தேடும். உடுத்திய சால்வையைத் துவைக்காமல் மடித்து வைப்பது அதற்கு இலை போட்டு அழைப்பதற்குச் சமம். இப்போது சால்வையை உதறி, மடிப்புகளில் வெள்ளைக் கூடுகள் இருந்தால் தூரிகையால் எடுத்துவிட்டு, காற்றுப் புகாத பையில் இட்டு, குளிர்பதனப் பெட்டியின் உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தவுடன் பையைப் பிரிக்காதீர்கள். அறையின் வெப்பத்துக்கு வரும்வரை அப்படியே வைத்திருந்தால், காற்றின் ஈரம் பையின் வெளிப்புறத்தில் மட்டுமே துளிர்க்கும், கம்பளி நனையாது.

பிறகு துவையுங்கள். கொட்டை நீக்கிய பூந்திக்காயை இரவில் ஊறவைத்து, வடிகட்டிய நீரை நுரைக்கவிட்டு, அதில் சால்வையைப் பத்து நிமிடம் அமிழ்த்தி, கையால் மெல்ல அழுத்தி எடுங்கள். கடையில் கம்பளிக்கென்றே விற்கும் ஈஸி போன்ற திரவமும் நன்று. சலவை சோடாவும் துணி வெளுக்கும் குளோரினும் ஆகவே ஆகாது. காரம் கம்பளியின் புரதத்தைக் கரைத்துவிடும். வெந்நீரும் தேய்த்தலும் சேர்ந்தால் ஒவ்வோர் இழையின் மேலுமுள்ள செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, சால்வை பாதியாகச் சுருங்கிவிடும். முறுக்கிப் பிழியாமல், உலர்ந்த துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி அழுத்துங்கள். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும்; நிழலில் கயிற்றுக் கட்டிலின் மேல் பரப்புவதைப் போல வேறு வசதி கிடையாது, மேலும் கீழும் காற்று ஓடும்.

அந்துருண்டையைப் பற்றி மனம் திறந்து சொல்கிறேன். நான் அதை அடியோடு விட்டுவிட்டேன். ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த கைக்குழந்தைக்கு அந்த வாடையேறிய துணியைச் சுற்றினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் அபாயம் உண்டு; எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று பார்த்த அளவில் தெரியாது. சிலர் அந்துருண்டையோடு கற்பூரத்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டும் கலந்தால் தனித்தனியே உருகுவதைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் உருகி, துணியில் எண்ணெய்த் திட்டாக இறங்கிவிடும். மதுரைக் கோடையில் அதற்கு அடுப்புத் தேவையில்லை. வேப்பிலை போட்டு வைப்பதில் கெடுதலில்லை, ஆனால் உள்ளே இருக்கும் புழுவை அது கொல்லும் என்று நம்பியிருக்க வேண்டாம். நன்றாகத் துவைத்து, முழுவதும் உலர்த்தி, பருத்தி உறையில் இட்டு, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறுவதே நான் கண்ட காப்பு.


கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பிறகு (திருநகர், மதுரை)

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளை பூஞ்சைதான், மொட்டை மாடியில் தட்டினோம். ஷூவும் பெல்ட்டும் பழைய நிலைக்கு வந்துவிட்டன, தம்பி பெல்ட்டை அணியத் தொடங்கிவிட்டான். சால்வை துவைத்து உலர்ந்துவிட்டது, ஓட்டைகளை அம்மாவே தைக்கிறார். செல்லூர் சகோதரர் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்; இரண்டு நாள் மனதில் வைத்திருந்த குறை அவருக்குத் தீர்ந்தது.

தோப்பரையின் ஓரத்தைச் சுரண்டியபோது நாராகத்தான் வந்தது. ஐந்து இரவுகள் ஈர வேட்டியில் வைத்தோம். உடல் பகுதி முழுவதும் தளர்ந்து, விளக்கெண்ணெய் பூசிய பிறகு பழைய மாநிறம் திரும்பிவிட்டது. ஆனால் குழாயைக் கட்டிய கழுத்தில் மட்டும், பச்சை கசிந்த இடத்தை ஒட்டி, விரல் நீளத்துக்கு வெடிப்பு இருக்கிறது. பித்தளையைப் புளி போட்டுத் துலக்கலாமா? வெடிப்பை ஒட்டுப் போடலாமா? திண்டுக்கல் ஐயா தயவுசெய்து சொல்ல வேண்டும்.


மறுமொழி (பேகம்பூர், திண்டுக்கல்)

நல்லது அம்மா, படிக்க நிறைவாக இருக்கிறது. அந்தப் பச்சை, பித்தளையில் உள்ள செம்பும் தோலில் உள்ள கொழுப்பின் அமிலமும் சேர்ந்து உண்டானது. தோலோடு கட்டியிருக்கும்போது புளியோ துலக்கும் பொடியோ போடாதீர்கள். அந்த அமிலம் தோலுக்குள் இறங்கி வெடிப்பைப் பெரிதாக்கும். மூங்கில் சிராயால் பச்சையைச் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, கட்டை அவிழ்த்துக் குழாயைத் தனியே எடுத்த பிறகு, குழாயை மட்டும் புளியில் துலக்கிக் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள்.

வெடித்த கழுத்துக்கு ஒட்டு நிற்காது. நீர் நிரப்பி அழுத்தும்போது முழு விசையும் அந்த இடத்துக்குத்தான் வரும். வெடிப்புக்குக் கீழே நல்ல தோல் நான்கு விரல் அளவுக்கு மிஞ்சியிருந்தால், வெடித்த பகுதியை வெட்டி நீக்கி, குழாயைக் கீழிறக்கி மறுபடியும் கட்டிவிடலாம். பை சற்றுக் குட்டையாகும், பதினான்கு வயதுப் பிள்ளையின் கைக்கு அது பொருத்தமாகவே இருக்கும். சித்திரைக்கு முன்பு தோப்பரை செய்து விற்பவர்களிடம் கொடுத்தே கட்டச் சொல்லுங்கள், இழுப்பு அவர்கள் கைக்குத்தான் தெரியும். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கால் பங்கு நீர் ஊற்றித் தையலையும் கட்டையும் பாருங்கள். லேசான கசிவு தோல் ஊறியதும் நின்றுவிடும், நிற்காவிட்டால் மட்டும் மீண்டும் கட்டக் கொடுங்கள். எல்லாம் முடிந்து திரும்பியதும், நல்ல நீரால் உள்ளே அலசி, வாய் கீழே இருக்கும்படி நிழலில் தொங்கவிட்டு, பாதி உலர்ந்ததும் பழைய பருத்தித் துணியைத் தளர்வாக உள்ளே திணித்து வையுங்கள். இனி அது பீரோவுக்குள் போக வேண்டாம்; கூடத்துச் சுவரில், கண்ணில் படும்படி, ஆணி தோலைத் தொடாமல் பருத்திக் கயிற்றில் மாட்டிவிடுங்கள்.